நன்றிப் பெட்டியில் விழுந்த சீட்டு

எங்கள் அம்மா கோயிலில் எல்லார் முன்னாலும் வாய் திறந்து பேசியது வாழ்க்கையிலேயே ஒரே ஒரு முறைதான். மொத்தம் நாலு வாக்கியம். அந்த நாலு வாக்கியத்தை இதுவரை எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன் என்று எனக்கே தெரியாது. கல்லூரித் தோழிகளிடம் சொல்லியிருக்கிறேன், அலுவலகத்தில் சொல்லியிருக்கிறேன், என்னைப் பெண் பார்க்க வந்தவர்களிடம்கூடக் காபி ஆறுகிற வரை சொல்லியிருக்கிறேன். அதைச் சொல்லும்போது என் குரல் தானாக உயர்ந்துவிடுகிறது என்று என் கணவர் கேலி செய்வார். உயர்ந்தால் உயரட்டுமே. எங்கம்மா பேசியதை நான் உயர்த்திச் சொல்லாமல் வேறு யார் சொல்வார்கள்? ஆனால் அந்தக் கதையில் என் பங்கு என்ன என்பதை மட்டும் போன வருடம் வரை ஒருவரிடமும் சொன்னதில்லை.

தேவாலயத்தை நாங்கள் கோயில் என்றுதான் சொல்வோம். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து கொல்கத்தாவுக்கு வரும்போது அப்பாவும் அம்மாவும் கூடவே கொண்டுவந்த சொல் அது. சொல்தான் எங்களுடையது, கோயில் எங்களுடையது அல்ல. அது வங்காளிச் சபைக்குச் சொந்தமானது. ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு அவர்களுடைய ஆராதனை. அதற்கு முன்னால் ஏழு மணியிலிருந்து எட்டரை வரை தமிழ்க்காரர்கள் நடத்திக்கொள்ளட்டும் என்று எப்போதோ யாரோ பெரிய மனது வைத்து ஒப்புக்கொண்டிருந்தார்கள். ஐம்பது அறுபது பேர் வருவோம். ஹவுராப் பக்கத்து ரயில்வே குடும்பங்கள் விடியற்காலைப் படகைப் பிடித்து ஆற்றைத் தாண்டி வருவார்கள். நாங்கள் கிடர்பூரிலிருந்து பஸ்ஸில் வருவோம்.

எங்கள் பாட்டுப் புத்தகங்கள், மேசை விரிப்பு, அறிவிப்புப் பலகை எல்லாம் வாரம் முழுவதும் பின்சுவரோரம் ஒரு மர அலமாரிக்குள் அடைந்து கிடக்கும். ஞாயிறு காலை கோயில் காவல்காரர் அதைத் திறந்து ஒவ்வொன்றாக எடுத்து வைப்பார். அவர் வங்காளி. காவல்காரச் சித்தப்பா என்ற அர்த்தத்தில் தர்வான் காக்கு என்று பிள்ளைகள் அவரைக் கூப்பிடுவோம். எட்டரை அடித்ததும் எல்லாவற்றையும் திரும்ப உள்ளே வைத்துப் பூட்டிவிடுவார். எங்கள் சபைக்கென்று தனிப் போதகர் கிடையாது. மாதத்தில் ஒரு ஞாயிறு ஒருவர் வருவார். மற்ற ஞாயிறுகளில் சபைச் செயலாளர்தான் எல்லாம். அவரைப் பிள்ளைகள் செக்ரட்டரி மாமா என்போம், பெரியவர்கள் அண்ணாச்சி என்பார்கள்.

அலமாரியிலிருந்து வாராவாரம் வெளியே வரும் சாமான்களில் இரண்டு மரப்பெட்டிகள் உண்டு. ஒரே அளவு, ஒரே பழுப்பு நிறம், மேலே சீட்டுப் போட ஒரு பிளவு. ஒன்றில் விண்ணப்பம் என்றும் மற்றதில் நன்றி என்றும் வெள்ளை வர்ணத்தில் எழுதியிருக்கும். கடவுளிடம் ஏதாவது கேட்க வேண்டியவர்கள் முதல் பெட்டியில் சீட்டுப் போடுவார்கள். கேட்டது கிடைத்தவர்கள் இரண்டாவதில் போடுவார்கள். முதல் பெட்டியில்தான் எப்போதும் கூட்டம் என்று சொல்ல வேண்டியதில்லை.

அந்தச் சீட்டில் யாரும் வளவளவென்று எழுதுவதில்லை. எந்த வீடு, என்ன காரியம், அவ்வளவுதான். “ஹவுரா டீச்சர் வீடு, மகள் பரீட்சை” என்று இருக்கும். மீதியைச் செக்ரட்டரி மாமா சேர்த்துக்கொள்வார். விண்ணப்பப் பெட்டியிலிருந்து எடுத்த சீட்டானால், மகள் பரீட்சைக்காக ஜெபிக்கும்படி கேட்டுக்கொள்கிறார்கள் என்று வாசிப்பார். நன்றிப் பெட்டியிலிருந்து எடுத்ததானால், மகள் பரீட்சைக்காக ஆண்டவருக்கு நன்றி செலுத்துகிறார்கள் என்பார். சீட்டு ஒன்றுதான். அது எங்கே விழுகிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. நன்றி வாசித்ததும் அந்த வீட்டார் எழுந்து நிற்க வேண்டும், சபை முழுவதும் சேர்ந்து நன்றிப் பாட்டில் ஒரு சரணம் பாடும். பிறந்தநாள் வாரத்தில் அப்படி எழுந்து நிற்பது எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

நாங்கள் கிரேன் வீடு. அப்பா துறைமுகத்தில் கிரேன் ஓட்டினார். அண்ணாந்து பார்த்தால் தொப்பி கீழே விழும் உயரத்தில் ஒரு கண்ணாடிக் கூண்டு. அதில் உட்கார்ந்து கப்பலிலிருந்து கன்டெய்னர்களை எடுத்து, நின்றுகொண்டிருக்கும் லாரியின் மேல் பூப்போல வைப்பார். மேலே இருந்து பார்த்தால் ஆறு முழுவதும் தெரியும், பனி இல்லாத நாளில் ஹவுரா பாலம் தெரியும், எங்கள் குவார்ட்டர்ஸ் மொட்டைமாடியில் அம்மா துணி காயப்போட்டாளா இல்லையா என்பதும் தெரியும் என்று சொல்லி அம்மாவை வம்புக்கு இழுப்பார். அம்மா அதை நம்பவில்லை என்றுதான் சொல்வாள். ஆனால் துணியைப் பத்து மணிக்குள் காயப்போட்டுவிடுவாள்.

எனக்குப் பத்து வயதான அந்த வருடம், மழைக்காலம் தொடங்கும்போது அப்பாவுக்குக் கண்ணில் அடிபட்டது. கிரேனின் கம்பிவடத்தைத் துடைத்து மசகு போட்டுக்கொண்டிருந்தபோது ஒரு துணுக்குத் தெறித்து வலது கண்ணில் ஏறிவிட்டது. இடது கண்ணுக்கு ஒன்றும் இல்லை. ஆனால் ஒற்றைக் கண்ணை வைத்துக்கொண்டு கிரேன் ஓட்ட முடியாது. தூரம் தெரிய இரண்டு கண்ணும் வேண்டும். ஒரு சாண் பிசகினால் கீழே நிற்பவன் தலையில்தான் கன்டெய்னர் இறங்கும்.

ஆபரேஷன் என்றார்கள். அம்மா விண்ணப்பப் பெட்டியில் சீட்டுப் போட்டாள். செக்ரட்டரி மாமா வாசித்தார். மொத்தச் சபையும் முழங்காலில் நின்றது. அம்மா மூன்று வெள்ளிக்கிழமை பச்சைத் தண்ணீர் தவிர எதுவும் வாயில் வைக்கவில்லை. ஆபரேஷனும் நடந்தது. கட்டை அவிழ்த்தபோது அந்தக் கண்ணில் அப்பாவுக்கு ஒன்றுமே தெரியவில்லை. இருட்டாகவே இருக்கிறது என்றார். ஒரு மாதம் கழித்து இன்னொரு தடவை செய்து பார்க்கலாம், அதற்கு மேல் செய்வதற்கு எதுவும் இல்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

அந்த ஒரு மாதத்தில் எங்கள் வீட்டில் ஒரு மாற்றம் வந்தது. எனக்கு அது மிகவும் பிடித்த மாற்றம் என்பதை வெட்கத்தோடு சொல்லிவிடுகிறேன். எங்கள் வீட்டில் தினமும் சாயங்காலம் ஏழு மணிக்குக் குடும்ப ஜெபம். அம்மா ஜெபிக்கத் தொடங்கினால் லேசில் முடிக்க மாட்டாள். அப்பாவின் கிரேனில் தொடங்கி, துறைமுகத்தில் நிற்கும் கப்பல்கள், அதிலிருக்கும் மாலுமிகள், ஊரிலிருக்கும் மாமன் மச்சான், என் கணக்கு டீச்சர், தண்ணீர் வராத குழாய் வரைக்கும் போவாள். என் முழங்கால் மரத்துப்போகும். முதல் ஆபரேஷனுக்குப் பிறகு அது நின்றுவிட்டது. அம்மா வந்து உட்காருவாள், “நீ பரமண்டல ஜெபத்தச் சொல்லி முடிச்சிரு பிள்ள” என்பாள். ஒரே நிமிடம். நான் கடகடவென்று சொல்லி ஆமென் போட்டுவிட்டு டி.வி. பக்கம் ஓடிவிடுவேன். அம்மாவுக்கு ஆஸ்பத்திரிக்கு நடந்து நடந்து அலுப்பு, அதுதான் காரணம் என்று நினைத்துக்கொண்டேன்.

இன்னொன்றும் நடந்தது. கீழ் வீட்டில் ஒரு வயதான வங்காளி அம்மா இருந்தார். மாஷிமா என்போம். மாடிப்படியில் எங்கள் அம்மாவைப் பார்க்கும்போதெல்லாம், கடவுள் இருக்கிறார் மருமகளே என்ற அர்த்தத்தில், “பகவான் ஆச்சேன், பௌமா” என்பார். அம்மாவும் பதிலுக்கு “ஆச்சேன், மாஷிமா” என்பாள். இருக்கிறார் என்று அர்த்தம். வணக்கம் சொல்வது மாதிரி அது அவர்களுக்குள் ஒரு வழக்கம். அந்த மாதத்தில் மாஷிமா சொல்வதைச் சொல்லிக்கொண்டுதான் இருந்தார். அம்மா ஒரு தலையசைப்போடு படியேறிப் போய்விடுவாள்.

இரண்டாவது ஆபரேஷன் ஒரு செவ்வாய்க்கிழமை என்று முடிவானது. அதற்கு முந்தின சனிக்கிழமை அப்பாவை ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். கட்டிலில் உட்கார்ந்த கையோடு அப்பா கேட்டார்.

“சீட்டுப் போட்டாச்சா?”

“அதான் போன தடவ போட்டோம்லா” என்றாள் அம்மா.

“அது போன தடவ. இது இந்தத் தடவ.”

அம்மா சாத்துக்குடியை உரித்தாள். வீட்டுக்கு வந்ததும் என் ரஃப் நோட்டில் ஒரு தாளைக் கிழித்து, அடுப்பில் சோறு கொதிக்கும்போதே நின்றுகொண்டு எழுதினாள். கிரேன் வீடு, கண் ஆபரேஷன். அதை நாலாக மடித்து என் கையில் கொடுத்து, “நாளைக்கு நீயே போட்ரு” என்றாள். அதுவரை என்னைச் சீட்டுப் போட விட்டதே இல்லை. எனக்குப் பெருமை தாங்கவில்லை. இரவு முழுவதும் அது என் ஜாமெட்ரி பாக்ஸில் இருந்தது.

இங்கே ஓர் உண்மையைச் சொல்லியாக வேண்டும். எனக்கு அப்போது தமிழ் வாசிக்கத் தெரியாது. பள்ளிக்கூடத்தில் வங்காளமும் ஆங்கிலமும்தான். ஓய்வுநாள் பள்ளியில் சொல்லிக்கொடுத்த தமிழ் எழுத்துகளில் பாதி மறந்திருந்தது, மீதியில் பாதி குழம்பியிருந்தது. அந்தப் பெட்டிகளை நான் எழுத்தை வைத்து அடையாளம் காணவில்லை, இடத்தை வைத்துத்தான் அறிந்திருந்தேன். இடது பக்கம் இருப்பது கேட்கிற பெட்டி, வலது பக்கம் இருப்பது நன்றிப் பெட்டி. நான் பிறந்ததிலிருந்து அப்படித்தான் இருந்தது.

அன்று நல்ல மழை. பஸ்ஸை விட்டு இறங்கிக் கோயிலுக்குள் நுழைவதற்குள் முழங்கால் வரை நனைந்துவிட்டோம். அம்மா வாசலுக்கு உள்ளே என் பின்னால் நின்று குடையை உதறிக்கொண்டிருந்தாள். நான் ஜாமெட்ரி பாக்ஸைத் திறந்து சீட்டை எடுத்து, இடது பக்கப் பெட்டியில் பயபக்தியோடு போட்டேன். வாரம் தவறாமல் சரியாக வைக்கும் தர்வான் காக்கு அந்த வாரம் பெட்டிகளை இடம் மாற்றி வைத்திருந்தார். பாவம், அவரையும் குறை சொல்ல முடியாது. தமிழ் படிக்கத் தெரியாத அவர் மாற்றி வைத்தார், தமிழ் படிக்கத் தெரியாத நான் மாற்றிப் போட்டேன்.

பாட்டும் பிரசங்கமும் முடிந்து பெட்டிகளைத் திறந்தார்கள். எப்போதும் நன்றிதான் முதலில். அன்று அதில் இரண்டே சீட்டு. முதல் சீட்டு ஹவுரா டீச்சர் வீட்டுப் பிறந்தநாள். அவர்கள் எழுந்து நின்றார்கள், பாடினோம், உட்கார்ந்தோம். செக்ரட்டரி மாமா அடுத்த சீட்டைப் பிரித்து வழக்கமான ராகத்தில் வாசித்தார்.

“கிடர்பூர் கிரேன் வீட்டார், கண் ஆபரேஷனுக்காக ஆண்டவருக்கு நன்றி செலுத்து...”

ராகம் அங்கேயே நின்றுவிட்டது. அவர் வெள்ளிக்கிழமைதான் எங்கள் வீட்டுக்கு வந்து அப்பாவைப் பார்த்துவிட்டுப் போயிருந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டு சீட்டைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார். முன் பெஞ்சில் பாட்டு நடத்துகிற அத்தை பக்கத்திலிருந்தவரிடம் ரகசியமாகக் கேட்பதாக நினைத்துக்கொண்டு, “ஆபரேஷன் செவ்வாக்கிழமைல்லா?” என்றார். முப்பது வருடமாகச் சபைக்குப் பாட்டு எடுத்துக்கொடுத்த தொண்டை. கோயில் முழுவதும் கேட்டது.

 அப்போதுதான் பெட்டிகளின் இடத்தை யோசித்தேன். காது இரண்டும் சுட்டன. ஐம்பது தலைகளும் எங்கள் பெஞ்சைத் திரும்பிப் பார்த்தன.

“பெட்டி மாறி விழுந்துட்டு போலிருக்கு” என்றார் செக்ரட்டரி மாமா. நல்ல மனிதர். யாரையும் சங்கடப்படுத்தத் தெரியாதவர். “பரவால்ல. இத விண்ணப்பத்துல சேத்துருவோம்.”

சீட்டை அடுத்த பெட்டிக்கு மாற்றப் போனார். அப்போதுதான் என் பக்கத்தில் அம்மா எழுந்து நின்றாள். எழும்போதே என் தோளைப் பிடித்து என்னையும் தூக்கி நிறுத்திவிட்டாள். எங்கள் கோயிலில் பெண்கள் பாடுவார்கள், பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பார்கள். ஆராதனைக்கு நடுவில் எழுந்து செயலாளரை மறுத்துப் பேச மாட்டார்கள். எங்கம்மாவோ பிறந்தநாள் பாட்டுக்கு எழுந்து நிற்பதற்கே கூச்சப்படுகிறவள்.

“மாத்தாண்டாம் அண்ணாச்சி” என்றாள். “போன தடவ எல்லாரும் முழங்கால்ல நின்னு கேட்டாச்சு. கேட்டது அவர் காதுல விழுந்திருக்கும். இந்தத் தடவ நன்றி சொல்லிட்டுக் காத்திருக்கோம்.”

இதுதான் அந்த நாலு வாக்கியம்.  செக்ரட்டரி மாமா சீட்டு வைத்திருந்த கையைப் பெட்டியிலிருந்து பின்னுக்கு இழுத்துக்கொண்டார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

“முடிவு எப்பிடி இருந்தாலுமா, தங்கச்சி?”

அம்மா ஆமாம் என்று ஒரே ஒரு தடவை தலையை அசைத்தாள். செக்ரட்டரி மாமா விட்ட இடத்திலிருந்து வாசித்து முடித்தார். நன்றி செலுத்துகிறார்கள். பாட்டு நடத்துகிற அத்தை உடனே சரணத்தை எடுத்துவிட்டார். முதல் வரியில் நாலைந்து குரல்தான் கேட்டது. இன்னும் கிடைக்காத ஒன்றுக்கு எப்படிப் பாடுவது என்று மற்றவர்களுக்குத் தயக்கம். இரண்டாவது வரியில் அம்மாவின் குரல் தனியாகக் கேட்டது. கடைசி வரிக்கு வருவதற்குள் எல்லாரும் சேர்ந்துவிட்டார்கள். நான் மட்டும் பாடவில்லை. அம்மாவின் விரல்கள் என் தோளில் அப்படி அழுந்தியிருந்தன. இப்போது இது, வீட்டுக்குப் போனதும் மீதி என்று புரிந்துகொண்டேன். எங்கம்மா வெளியில் வைத்து அடிக்க மாட்டாள், அழுத்துவாள்.

ஆராதனை முடிந்ததும் ஹவுராக்காரர் ஒருவர் வந்து, இது கடவுளைச் சோதித்துப் பார்க்கிற காரியம், நல்லதில்லை என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போனார். பாட்டு நடத்துகிற அத்தை வந்து அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். பஸ் பிடித்து வீடு வந்தோம். மாடிப்படியில் மாஷிமா வழக்கம்போல, “பகவான் ஆச்சேன், பௌமா” என்றார். அம்மா நின்றாள்.

“ஆச்சேன், மாஷிமா” என்றாள்.

வீட்டுக்குள் போய் நான் அடிக்காகக் காத்திருந்தேன். அடி வரவில்லை. ஈரச் சட்டையைக் கழற்றியபோது தோளில் நாலு விரல் தடம் சிவந்திருந்தது. அதோடு தண்டனை முடிந்தது என்று கணக்குத் தீர்த்துக்கொண்டேன். அன்று சாயங்காலம் அம்மா தானே ஜெபித்தாள். டாக்டரின் விரல்களுக்காக, நர்ஸ்களுக்காக, பக்கத்துக் கட்டில் கிழவருக்காக, கிரேனுக்காக, கப்பலுக்காக, மாலுமிகளுக்காக, குழாய்த் தண்ணீருக்காக என்று எல்லாவற்றுக்கும் நன்றி சொன்னாள். ஒரு மாதத்துப் பாக்கியை ஒரே மூச்சில் தீர்த்தாள். நான் முழங்காலில் நின்றபடியே தூங்கிப்போனேன்.

மறுநாள் பள்ளிக்கூடத்தில் எனக்கு வேறொரு பயம் பிடித்துக்கொண்டது. நன்றி போய்ச் சேர்ந்துவிட்டது. நன்றி வந்துவிட்டதால் இந்த வீட்டு வேலை முடிந்தது என்று கடவுள் அடுத்த வீட்டுக்குப் போய்விட்டால்? செவ்வாய்க்கிழமை அப்பா பக்கத்தில் யார் நிற்பார்கள்? இடைவேளையில் தண்ணீர்க் குழாய்க்குப் பின்னால் போய் நின்று கண்ணை மூடிக்கொண்டு, அது என் தவறு, பெட்டி மாறிவிட்டது, வேலை இன்னும் முடியவில்லை, தயவுசெய்து நாளை வரவும் என்று எடுத்துச் சொன்னேன். வங்காளத்தில்தான் சொன்னேன். வாதாட வேண்டிய காரியங்கள் எனக்கு அந்த மொழியில்தான் நன்றாக வரும்.

செவ்வாய்க்கிழமை ஆபரேஷன் நடந்தது. வெள்ளிக்கிழமை கட்டை அவிழ்த்தார்கள். டாக்டர் இடது கண்ணை மூடச் சொல்லி, அப்பாவின் முகத்துக்கு நேரே விரல்களைக் காட்டினார். அப்பா வெகுநேரம் பார்த்தார்.

“மூணு” என்றார். பிறகு வாசற்பக்கம் திரும்பி, “ஏட்டி, நீ ஏன் அழுவுத?” என்று அம்மாவைக் கேட்டார்.

இந்த இடத்தில் நிறுத்திவிட்டால் கதை அழகாக இருக்கும். கேட்பவர்களும் அல்லேலூயா சொல்லிவிட்டுக் காபி குடிப்பார்கள். ஆனால் நடந்தது பாதிதான். ஓடுகிற தண்ணீருக்கு அடியில் பார்க்கிற மாதிரிதான் அந்தக் கண்ணில் தெரிந்தது. அதற்கு மேல் தெளியவே இல்லை. மூன்று மாதம் கழித்து வைத்த பரிசோதனையில், இவர் இனிமேல் கிரேனில் ஏறக் கூடாது என்று எழுதிவிட்டார்கள். அப்பாவுக்குத் தரையில் வேலை கொடுத்தார்கள். துறைமுக வாசலில் நின்று, போகிற கன்டெய்னர்களின் எண்களைச் சரிபார்க்கிற வேலை. முதல் வாரம் வீட்டுக்கு வந்து, “கீழ இருந்து அதப் பாத்தா கழுத்துல்லா வலிக்கு” என்று சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

ஆனால் அம்மா என்ன செய்தாள் தெரியுமா? அப்பாவுக்குத் தரைவேலை என்று முடிவான அந்த வாரமே இன்னொரு சீட்டு எழுதினாள். கிரேன் வீடு, கண். இந்த முறை அவளே போட்டாள், நன்றிப் பெட்டியில். செக்ரட்டரி மாமா அதைப் பிரித்ததும் வாசிக்காமல், “தங்கச்சி, இது சரியான பெட்டிதானே?” என்று கேட்டார். அம்மா ஆமாம் என்று தலையசைத்தாள். கோயிலே சிரித்தது. அப்பா எழுந்து நின்று, எல்லாரையும் விடச் சத்தமாக, சுருதி விலகிப் பாடினார். அன்று அந்தப் பெஞ்சில் என் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் நடுவில் நின்றபோது எனக்கு இருந்த பெருமை இன்றைக்கும் குறையவில்லை. கேட்டது கிடைத்தபிறகு எழுந்து நின்றவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். கேட்டதில் பாதி கிடைக்காமல் போன பிறகும் சொன்ன சொல்லைக் காப்பாற்ற எழுந்து நின்றவர்கள் எங்கள் வீட்டில்தான் இருந்தார்கள்.

அந்தப் பெருமைக்கு அடியில் ஒரு முள் மட்டும் கிடந்தது. நான் சரியான பெட்டியில் போட்டிருந்தால் அப்பாவுக்கு முழுப் பார்வையும் வந்திருக்குமோ? பெட்டி மாறியதால்தான் பாதியோடு நின்றுவிட்டதோ? பெரியவளாகி, அது அசட்டுத்தனம் என்று தெரிந்த பிறகும் முள் போகவில்லை. அப்பா துறைமுக வாசலில் அண்ணாந்து நிற்பதைப் பார்க்கும்போதெல்லாம் குத்தும்.

போன வருடம் அப்பாவுக்கு இடது கண்ணில் புரை எடுக்க வேண்டியிருந்தது. சாதாரண காரியம்தான். ஆனாலும் நான் சென்னையிலிருந்து போயிருந்தேன். ஞாயிறு காலை அம்மாவும் நானும் கோயிலுக்குப் போனோம். தர்வான் காக்கு இப்போது இல்லை, அவர் மகன் இருக்கிறார். பெட்டிகளுக்குப் புது வர்ணம் அடித்திருந்தார்கள். விண்ணப்பம், நன்றி என்று எழுதியிருந்ததைத் தடங்கல் இல்லாமல் வாசித்தேன். சென்னை வாழ்க்கையில் உருப்படியாகக் கற்றுக்கொண்டது அதுதான். அம்மா கைப்பையிலிருந்து சீட்டை எடுத்தாள். அந்த வாசலில் நின்றதும் என்னால் அடக்க முடியவில்லை.

“அம்மா, அன்னைக்கு அந்தச் சீட்ட நான்தான் தெரியாம மாத்திப் போட்டேன்.”

“தெரியும்” என்றாள். “நான் உன் பின்னாலதான நின்னேன்.”

“பாத்தியா?”

“பாத்தேன். உன் கையப் பிடிக்க வந்தேன். பிடிக்கல.”

“நான் சரியா போட்டிருந்தா அப்பாவுக்கு முழுக் கண்ணும்...”

அம்மா என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். “இத்தன வருசமா இதையா சுமந்துட்டுத் திரிஞ்ச? ஆண்டவரு பெட்டியப் பாத்தா குடுக்காரு?”

“அப்ப ஏன் என் கையப் பிடிக்கல?”

அம்மா வரிசையாக வந்தவர்களுக்கு வழிவிட்டு என்னைச் சுவரோரம் இழுத்துக்கொண்டாள். “மொத ஆபரேஷன் அப்பிடிப் போனதுக்கு அப்புறம் எனக்கு ஜெபமே வரலட்டி. கண்ண மூடினா ஒண்ணும் இருக்காது. அவரு இருக்காரா இல்லையான்னே தெரியல. யாருகிட்டப் போய்க் கேக்க? அதான் உன் கைல குடுத்தேன். நீ நன்றிப் பெட்டில போட்டதும், சரி, நம்ம வாய்ல வராதத பிள்ள சொல்லிட்டா, அதையே பிடிச்சுக்கிட்டு நிப்போம்னு விட்டுட்டேன். சொன்னப்புறந்தான் நம்பிக்கையே வந்துச்சு.”

 “பயமே இல்லாம எந்திரிச்சு நின்னியே அன்னைக்கு” என்றேன். அதைத்தான் நான் ஊரெல்லாம் சொல்லி வந்திருக்கிறேன்.

“பயமில்லாமலா?” என்றாள் அம்மா. “காலு ரெண்டும் வெடவெடன்னு ஆடிச்சு. உன் தோளப் பிடிச்சுல்லா நின்னேன்.”

சீட்டைப் போட்டுவிட்டு அவள் முன்னால் நடந்தாள். நான் அங்கேயே நின்று, அந்த நாலு விரல் தடம் இருந்த இடத்தைத் தொட்டுப் பார்த்தேன். எங்கம்மா விழாமல் நிற்பதற்கு அன்று பிடித்துக்கொண்டது இந்தத் தோளைத்தான். பத்து வயதில் எனக்கு அது வலித்தது மட்டும்தான் தெரிந்தது.